முகத்துவாரத்தை வெட்டியவன்

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வளவு, அதாவது வீட்டு நிலம், கிடைக்காது. வீடு, வளவு, கிணறு எல்லாம் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போய்விடும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நானும் அப்படிப் போனவன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே எழுவான்கரையில், களுதாவளையில் பிறந்து வளர்ந்துவிட்டு, ஒரு சூட்கேசும் சைக்கிளுமாக வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரையில் குடியேறினேன். மனைவிக்கு வயல் இருந்தது. எனக்கு வாய் இருந்தது. அந்த வாயைப் பார்த்துத்தான் சில வருடங்களில் என்னை வட்டவிதானை ஆக்கினார்கள். வட்டை என்றால் ஒரே தொடராகக் கிடக்கும் வயல் பரப்பு. அதற்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது வேலி அடைப்பது, எந்த அரசாங்கக் கந்தோரில் போய் யாரோடு சண்டை பிடிப்பது என்று பார்ப்பது வட்டவிதானையின் வேலை. மற்ற வேலைகளில் நான் சுமார்தான். சண்டையில் குறை வைத்ததில்லை.

நான் பிறந்த வளவு தங்கச்சிக்குப் போனது. அதில் பாதி வெற்றிலைத் தோட்டம். வெறும் கடல் மணல். ஆனால் எட்டடி தோண்டினால் இளநீர் மாதிரித் தண்ணீர். அந்தக் கொட்டுக் கிணற்றை அப்பாவும் நானும் இறக்கினோம். சீமெந்து வளையங்களை, அதாவது கொட்டுகளை, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளே மணலை அள்ளிக்கொண்டே போனால் கிணறு தானாக இறங்கும். தங்கச்சியின் புருஷன் நெஞ்சுவலியில் போன பிறகு அவள் அந்தத் தோட்டத்தைத் தனியே பிடித்துக்கொண்டாள். காலையும் பின்னேரமும் வாளி வாளியாக அள்ளி ஊற்றுவாள். ஊரில் நடக்கும் கலியாணத்துக்கெல்லாம் அவளுடைய வெற்றிலைதான் தட்டில் போகும். அந்தத் தட்டை அவள் தொட்டுத் தூக்கக் கூடாது, விதவை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அவளோ சிரிப்பாள்.

அவளுடைய தெரு ஒழுங்கையில் அரைவாசிப் பெண்கள் குவைத்துக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போனவர்கள். ஏஜென்சிக்காரன் ஒருத்தன் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வந்து தங்கச்சியின் வேலிப் படலையிலும் நிற்பான். "வெத்திலை இருக்குமட்டும் எனக்கு ஒரு நாட்டுக்கும் போகத் தேவையில்ல அண்ணன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். "அது போனா மறுகா வேற வழியில்ல. போகத்தான் வேணும்." மகள் அப்போது பத்தாம் வகுப்பு. தகப்பனும் இல்லாமல் தாயும் இல்லாமல் அந்தப் பிள்ளை நிற்கக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பிடிவாதம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

மட்டக்களப்பு வாவி கடலைச் சேரும் இடங்களை முகத்துவாரம் என்போம். கோடையில் அலை மணலைத் தள்ளி அதை அடைத்துவிடும். மாரியில் மேற்கே இருந்து வரும் வெள்ளம் முழுக்க வாவிக்குள் நிரம்பி, வெளியே போக வழியில்லாமல் எங்கள் வயலுக்குள் ஏறும். அப்போது மணல் திட்டை வெட்டி விட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் வருடா வருடம் சண்டை. வயல்காரன் இன்றைக்கே என்பான். மீன்பிடிக்கிறவன் இறால் குஞ்சு போய்விடும், பொறு என்பான். கரையில் கிணற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிறவன் என்ன சொல்வான் என்று யாருக்கும் தெரியாது. அவனை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. நானும் கூப்பிடச் சொன்னதில்லை.

அந்த மார்கழியில் எங்கள் வட்டையில் முழங்கால் உயரப் பயிர் தலை மட்டும் தெரிய நின்றது. இன்னும் இரண்டு நாள் போனால் தலையும் தெரியாது. கந்தோரில் நடந்த கூட்டத்தில் நீர்ப்பாசன என்ஜினியர் ஐயா சுவரில் வாவியின் படம் ஒன்றை மாட்டி வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "இன்னும் நாலு நாள் பொறுங்கோ. மழை ஓயிற மாதிரி இருக்கு. இப்ப வெட்டி, அதோட மழையும் நிண்டா, உள்ள இருந்து தள்ளுறதுக்கு வெள்ளம் இருக்காது. கடல் வாவிக்குள்ள வந்திரும்."

நான் எழும்பினேன். "ஐயா, உங்கட நாலு நாள் கலண்டரில கிடக்கு. எங்கட நாலு நாள் தண்ணிக்குள்ள கிடக்கு" என்றேன். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் எனக்குத் தலை கனத்துவிட்டது. அந்தப் படத்தைக் காட்டி, "இந்தப் படத்தில எங்கட பயிரக் காட்டுங்க பாப்பம்" என்று வேறு கேட்டேன். இப்போது எழுதும்போது என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

தேர்தல் கிட்டிய நேரம். கூட்டத்தில் இருந்த அரசியல்வாதி ஒருவர் வெளியே வந்து என் தோளில் கை போட்டார். "விதானையார், மண்வெட்டியோட போய் என்ன செய்யப் போறீங்க? நான் பெக்கோ ஒண்டு அனுப்புறன்" என்றார். நல்ல மனிதன் என்றே நினைத்தேன்.

முன்பெல்லாம் வெட்டுவது மண்வெட்டியால். கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு, வட்டவிதானை முதல் வெட்டு வெட்டுவார். ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்கு வாய்க்கால் கீறினால் போதும், மற்றதை வெள்ளம் பார்த்துக்கொள்ளும். சில கிழமைகளில், ஒரு மாதத்துக்குள், அலை அதைத் திரும்ப அடைத்துவிடும். நாங்களும் கற்பூரம் கொளுத்தினோம். நானும் மண்வெட்டியால் முதல் வெட்டு வெட்டினேன், போட்டோவுக்கு. பிறகு பெக்கோ, அந்த மண் அள்ளும் இயந்திரம், இறங்கியது. சாரதி தலையை வெளியே நீட்டி, "எவ்வளவு அகலம் ஐயா?" என்று கேட்டான். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவன் அவ்வளவு வெட்டினான். "இன்னும் போடு, இன்னும் போடு" என்று கத்தினேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. வாவி உடைந்து கடலுக்குள் பாய்ந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்கவில்லை.

தங்கச்சியும் வந்திருந்தாள். அண்ணன் முன்னுக்கு நின்று வெட்டுகிறார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, வெட்டுகிற ஆட்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொண்டு வந்தாள். வாழையிலையில் சுற்றிய சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும். எனக்கு மட்டும் ஒரு முட்டைப் பொரியல் அதிகமாக வைத்திருந்தாள்.

பயிர் தப்பியது. வயலில் ஏறிய தண்ணீர் மூன்றாம் நாளே வடிந்தது. என்ஜினியர் சொன்னது போல மழையும் அதோடு நின்றது. தை முழுக்க ஒரு தூறல் இல்லை. முகத்துவாரம் மூடவில்லை. நீந்தித்தான் கடக்கலாம் என்கிற அகலத்துக்குத் திறந்தபடி கிடந்தது. நாங்கள் அரிவி வெட்டி அறுவடை முடித்து, நெல்லை ஏற்றி, பொங்கிச் சாப்பிட்டோம். கோவிலில் மாலை போட்டு என்னை மேடையில் ஏற்றினார்கள். கடல் ஒவ்வொரு நாளும் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது.

பங்குனியில் தங்கச்சி போன் எடுத்தாள்.

"அண்ணன், கிணத்துத் தண்ணி ஒரு மாதிரிக் கிடக்கு. சவர்க்காரம் நுரைக்குதில்ல."

"பேய்க்கதை கதையாத புள்ள. சவர்க்காரம் பழசாயிருக்கும்."

"மூண்டு சவர்க்காரம் மாத்திட்டன்."

அடுத்த நாள் போனேன். ஒரு மிடறு குடித்தேன். அவளுக்கு முன்னால் துப்ப மனம் வராமல் விழுங்கிவிட்டேன். "கொஞ்சம் உப்புக் கரிக்குது, அவ்வளவுதான்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். வெற்றிலைக் கொடிகளில் இலை நுனி கருகத் தொடங்கியிருந்தது.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அது என் வியாதி. மேல் தண்ணீர் கெட்டால் கீழே நல்ல தண்ணீர் இருக்கும் என்று எனக்கு நானே முடிவு கட்டினேன். படுவான்கரையில் ஆழத் தோண்டித்தான் கோடையைச் சமாளிப்போம். அதே நினைப்பில் இரண்டு ஆட்களைப் பிடித்து, கிணற்றை மிசின் போட்டு இறைத்து, இன்னும் ஒரு கொட்டு இறக்கினேன். புது ஊற்று குபுகுபு என்று வந்தது. தங்கச்சி கையில் ஏந்தி வாயில் வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். நான் குடித்துப் பார்த்தேன். கடலேதான்.

என்ஜினியரைத் தேடிப் போனேன். என்னைக் கண்டதும் அவர் எழும்பி வெளியே போயிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டார். "அந்த மணலுக்குள்ள நல்ல தண்ணி மெல்லிசா மேல நிக்குது. கீழ உப்புத் தண்ணி. வாவியில தண்ணி வத்தினா மேல நிக்கிறதும் வத்தும். ஆழத் தோண்டினா உப்பு மேல ஏறும்." அவ்வளவுதான் சொன்னார். "நான் அகலமா வெட்டினதாலயா ஐயா?" என்று கேட்டேன். "அதுவும் இருக்கும். மழை பெய்யாததும் இருக்கும். ஊர் முழுக்க மோட்டர் போட்டு இறைக்கிறதும் இருக்கும். இதில எது எவ்வளவு எண்டு என்னால சொல்ல ஏலா" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

பிறகு தண்ணீர் சுமந்தேன். எங்கள் வீட்டுக்கு மேற்கே குளத்துக்கட்டு ஓரமாக ஒரு கிணறு உண்டு, அது கோடையிலும் கரிக்காது. பிளாஸ்டிக் கான்களில் நிரப்பி மோட்டார் சைக்கிளில் கட்டி, மண்டூரில் பாதையில் ஏற்றுவேன். இங்கே பாதை என்றால் வாவியைக் கடத்திவிடும் தட்டை மிதவை. ஆட்கள், மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாம் அதில்தான் போகும். பாதைக்காரன் கான்களைப் பார்த்து, "விதானையார் தங்கச்சிக்குச் சீதனம் கொண்டு போறார்" என்று பகிடி பண்ணுவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். வேறு யார் சொல்லியிருந்தாலும் பாதையைக் கவிழ்த்திருப்பேன். அவனோடு சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு நாள் சொல்லாமல் கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டேன். தங்கச்சி தோட்டத்துக்குள் குந்தியிருந்தாள். பக்கத்தில் நான் முதல் நாள் கொண்டு வந்த கான். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அளந்து அளந்து கொடிகளின் அடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வரிசையில் இருந்த எல்லாக் கொடிக்கும் அல்ல, இன்னும் பச்சை தெரிந்தவற்றுக்கு மட்டும்.

"உனக்கென்ன விசராடி? குடிக்கக் கொண்டு வந்த தண்ணியடி இது!"

"நான் பக்கத்து வீட்டுல குடிக்கிறன் அண்ணன்."

"பக்கத்து வீட்டுக் கிணறும் கரிக்குதுதானே!"

"எனக்குக் கரிச்சா பரவாயில்ல. இதுகளுக்கு ஏலா."

கையிலிருந்த கானை நிலத்தில் வைத்துவிட்டு அப்படியே மணலில் இருந்துவிட்டேன். எவ்வளவு கான் கொண்டு வந்தாலும் அந்தத் தோட்டத்துக்குக் காணாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் நான் கொண்டு போனேன், அவளும் ஊற்றினாள்.

அந்தக் கிழமையே எழுவான்கரை ஆட்கள் ஆர்ப்பாட்டம் வைத்தார்கள். முகத்துவாரத்தை வெட்டியவர்களை விசாரிக்க வேண்டும், கிணறு கெட்ட குடும்பங்களுக்கு நட்டஈடு வேண்டும் என்று. முதல் நாள் பின்னேரம் தங்கச்சி போன் எடுத்து, "நாளைக்கு உங்களுக்கு எதிரா றோட்டுல நிக்கப் போறன் அண்ணன். கோவிக்காதீங்க. நிக்காட்டி இஞ்ச ஒழுங்கையில இருக்க விடமாட்டாளுகள்" என்றாள்.

"நில்லு. வெயில் கூட. குடை கொண்டு போ."

"என்ட கையில தாற போர்ட்டுல என்ன எழுதியிருக்கோ தெரியா."

"என்ன எழுதினாலும் பிடிச்சுக்கொண்டு நில்லு."

சிரித்தோம். வேறென்ன செய்வது? மறுநாள் பேப்பரில் படம் வந்தது. முன்வரிசையில் முக்காடு போட்டுக்கொண்டு அவள். கையில் பிடித்திருந்த மட்டையில் என் பெயர் இல்லை, வட்டவிதானை என்று மட்டும் இருந்தது.

பெக்கோ அனுப்பிய அரசியல்வாதியும் அந்த ஆர்ப்பாட்டத்தில் வந்து பேசினார். யார் வெட்டியது என்று கேட்டார். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, உண்மையாகவே கோபப்பட்டுக் கேட்டார்! அடுத்த கிழமை தன் படம் ஒட்டிய கறுப்புத் தாங்கிகளைச் சந்திக்குச் சந்தி வைத்தார். பவுசர் வண்டி தண்ணீர் கொண்டு வந்து நிரப்பியது. பெண்கள் வாளியோடு விடியவிடிய வரிசையில் நின்றார்கள், குடுமியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். நேற்றுவரை உப்புக் கடன் வாங்கிக்கொண்டிருந்த வீட்டார் முகம் பார்க்காமல் போனார்கள். வாக்குப் போட்ட கிழமையோடு பவுசர் வருவது நின்றது. தாங்கிகள் இன்னும் இருக்கின்றன, அவருடைய சிரித்த முகத்தோடு. கல்லெடுத்து எறிய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கை உன்னும். பாவி, அந்த முகத்துக்குப் பக்கத்தில் போட்டோவில் நின்றவன் நான்தானே.

ஆனியில் காத்தான்குடியிலிருந்து வெற்றிலை எடுக்க வரும் வியாபாரி வந்தார். பத்து வருடமாக அவளிடம் எடுப்பவர். ஒரு இலையைப் பறித்து, மடித்து, மூக்கில் வைத்து, வாயில் போட்டு மென்றார். அன்றைக்கு நானும் அங்கே நின்றேன். "புள்ள, இது ஏலா மகள்" என்றார் மெதுவாக. "இலை தடிச்சிட்டு. வாயில கரிக்குது. அல்லாஹ் வேற வழி காட்டுவான்." கொண்டு வந்த சாக்கை மடித்துச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு போனார். தங்கச்சி அவருக்குத் தேத்தண்ணீர் போட்டு வைத்திருந்தாள். அதுவும் கரிக்கும் என்று நினைத்தோ என்னவோ, குடிக்கக் கொடுக்கவில்லை.

ஆவணியில் கடைசிக் கொடியும் காய்ந்தது. புரட்டாதியில் ஏஜென்சிக்காரன் வந்தான். இந்த முறை அவன் படலைக்கு வெளியே நிற்கவில்லை, உள்ளே வந்து கதிரையில் இருந்தான். நான் தங்கச்சியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். "நான் பாக்கிறன் கா. என்ட நெல்லில பாதி உனக்கு. போகாத."

"உங்கட நெல்லு உங்கட பெண்சாதிட நெல்லு அண்ணன்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. "எனக்கு எண்டு இருந்தது இந்தக் கிணறுதான்."

மகளைக் கூட்டிக்கொண்டு வந்து என் வீட்டில் விட்டுவிட்டு அவள் ஐப்பசியில் விமானம் ஏறினாள். என் மனைவி பிள்ளையை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளை பேசுவது குறைந்துவிட்டது. "மாமா, ஸ்கூல் பஸ்ஸுக்குக் காசு" என்பதைத் தவிர என்னோடு அதிகம் கதைப்பதில்லை. கோபமா பயமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்தது. அதற்கு முன்னே முகத்துவாரத்தை அலை ஒருமாதிரி அடைத்திருந்தது. வாவி ஏறியது. மார்கழி முதல் கிழமை எங்கள் வட்டையில் பயிர் திரும்பவும் தலை மட்டும் தெரிய நின்றது. பின்னேரம் போல எங்கள் ஆட்கள் இருபது பேர் வரையில் என் விறாந்தையில் கூடிவிட்டார்கள். முகத்துவாரத்தை உடனே வெட்டித் தர வேண்டும் என்று மனு எழுதிக் கொண்டு வந்திருந்தார்கள். முதல் கையெழுத்து வட்டவிதானையுடையதாக இருக்க வேண்டும். "நான் போடமாட்டன்டாப்பா, வேற ஆளைப் பாருங்க" என்றேன். ஒருத்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நகையை அடகு வைச்சு விதைச்சது விதானையார். எங்கட புள்ளையளையும் ஏஜென்சிக்கு அனுப்பவா?" என்று கேட்டான். அவன் சொல்வதும் நியாயம்தானே.

அந்த நேரம் தங்கச்சியின் போன் வந்தது. உள்ளே போய் எடுத்தேன்.

"என்ன அண்ணன் சத்தம்? ஆக்களா?"

"ஓம். வெள்ளம் ஏறிட்டுது. வெட்டச் சொல்லிக் கையெழுத்துக்கு வந்திருக்கானுகள்."

அவள் பக்கம் வாளி நிறையும் சத்தம் கேட்டது.

"இஞ்ச இவங்கட வீட்டுல மதிலைச் சுத்திப் பூமரம் அண்ணன். சட்டியில வைச்சிருக்காங்க, நிறைய. அதுக்குத் தண்ணி ஊத்துறதுதான் என்ட முதல் வேலை. காலையும் பின்னேரமும் ஊத்துறன்."

"ஆ."

"குழாயில வாறது கடல் தண்ணிதானாம். மிசினில போட்டு உப்பை எடுத்துட்டு வீட்டுக்கு வீடு விடுறாங்க. நான் நம்பல்ல. கையில பிடிச்சுக் குடிச்சுப் பாத்தன். ஒரு சொட்டு உப்பில்ல அண்ணன். எங்கட கிணறு மாதிரியே கிடந்தது."

அவள் அழுகிறாளா என்று காது கொடுத்துக் கேட்டேன். அழவில்லை.

"வெளிய ஆக்கள் நிக்கிறாங்களெல்லோ" என்றாள். "போய்க் கையெழுத்தைப் போடுங்க. அதுகளும் பயிர்தானே. இனி எங்கட பக்கம் கெடுறதுக்கு ஒண்டுமில்ல."

விறாந்தைக்கு வந்து பேனையை வாங்கி முதலாவதாக என் பெயரை எழுதினேன்.